பறவைத் திருவிழாவில் பிடிபட்டேன்

செட்டிகுளத்துக்காரி அரியலூர்ப் பக்கம் போய் வருவதை எங்கள் ஊரில் யாரும் பயணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்போது இரண்டும் ஒரே மாவட்டம். பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள், திரும்பவும் பிரிக்கப் போவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் எனக்கு அது வெளிநாட்டுக்குப் போனது போலத்தான். கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு வெங்காயம் போடுகிற ஊரிலிருந்து, கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர் நிற்கிற ஊருக்குப் போகிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

போனது ஒரு பறவைத் திருவிழாவுக்கு. என் மகள் அருள்மொழி பெரம்பலூரில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியிலிருந்து சில பெண்களை அறிவியல் டீச்சர் ஏரிக்குப் பறவை எண்ண அழைத்துப் போனார். விருப்பமுள்ள பெற்றோர் கூட வரலாம் என்றார்கள். விருப்பமுள்ள பெற்றோர் நான் ஒருத்திதான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் அருள்மொழி பள்ளிக்குப் போன வேன் ஒரு வளைவில் சறுக்கிக் கவிழ்ந்தது. நான் சத்துணவு அமைப்பாளர். கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே, "வேன் கவுந்துடுச்சு, ஒங்க பொண்ணும் அதுலதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் என்ன செய்தேன், எதில் ஏறிப் போனேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். கையில் கட்டு, நெற்றியில் தையல். "அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "அவ்வளவுதானே" என்றார் என் கணவர். எனக்கு மட்டும் அது அவ்வளவுதானாக இல்லை.

அதன் பிறகு டியூஷன் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றேன். தோழி வீட்டுத் தெருமுனையில் கீரை வாங்குவது போல நின்றேன். கையில் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில் அருள்மொழி வேலிக்கு வருகிற பறவைகளைப் பார்க்கப் பழகியிருந்தாள். அவளைப் பார்க்க நான் பழகியிருந்தேன்.

புறப்படும் முன்பே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ வாம்மா. ஆனா நான் எண்ணப் போறப்ப பின்னாடியே வரக் கூடாது. ஊருக்குள்ளயே இருக்கணும்."

"சரி."

"சத்தியம் பண்ணு."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மற்ற பெண்கள் டீச்சரோடு வேனில் போனார்கள். வேன் என்ற சொல்லே எனக்கு ஆகாது என்பதால் நாங்கள் அரசு பஸ். வெங்காயத்துக்கு ஆள் விட்டிருந்ததால் கணவர் வரவில்லை. தங்கப் போகிற வீட்டுக்குக் கொடுக்கச் சின்ன வெங்காயத்தைச் சிவப்பு வலைப் பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய் எங்களுக்குப் பழக்கமில்லை.

அரியலூர் தாண்டியதும் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, பறவைத் திருவிழாவுக்குப் போகிறோம் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"எந்தக் கோயில்லங்க?"

"கோயில் இல்லைங்க. ஏரியில."

"ஏரியில சரிங்க. சாமி பேரு என்னா?"

"சாமி இல்லைங்க, பறவை."

"பறவைக்குத் திருவிழாவா?" என்று முன் சீட்டுப் பெரியவர் திரும்பினார். "அன்னதானம் உண்டா?"

இந்தப் பேச்சில் கண்டக்டர் எங்களை ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டார். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற நெல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வெங்காயப் பையைப் பிடித்துக்கொண்டு கலங்கி நின்றேன். அருள்மொழியோ வயலைப் பார்த்து, "அம்மா, அரிவாள் மூக்கன்! எத்தன பாரு!" என்று குதித்தாள். வளைந்த மூக்கோடு கறுப்பாக ஒரு கூட்டம் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. வழி தவறியதற்கு அவள் சந்தோஷப்பட்டதை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, ரசிக்காமலும் இருக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் ட்யூப்லைட் கட்டைகள், வயர் சுருள்கள், இரண்டு பெரிய ஒலிபெருக்கிக் குழாய்கள். நடுவில் மைக்செட்காரர் ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தார்.

"திருவிழாவுக்கா? ஏறுங்க. நானும் அங்கதான்."

வேனில் ஏற மறுத்தவள் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு டிராக்டரில் போனேன். மகள் வழி நெடுகச் சிரித்தாள்.

ஊர் எல்லையில் நாலைந்து பேர் ஓடி வந்து டிராக்டரை மறித்தார்கள். எல்லோரும் பேசியது மெதுவாக, கிட்டத்தட்ட காதோடு காதாக.

"அண்ணே, குழாய எறக்காதீங்க. பறவ பறந்துடும்."

"திருவிழான்னு சொல்லித்தானய்யா அட்வான்ஸ் குடுத்தீங்க?"

"திருவிழாதான். ஆனா சத்தம் கூடாது."

மைக்செட்காரர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "அப்ப நான் எதுக்கு?"

"லைட்டு மட்டும் போடுங்கண்ணே. அதுவும் ஊருக்குள்ள மட்டும்."

அந்த ஊர்க்காரர்கள் சிலர் முந்தைய ஆண்டு நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த பறவைத் திருவிழாவுக்குப் போய் வந்திருந்தார்கள். கடலுக்கு வருகிற பறவைக்கு அவர்கள் கொண்டாடும்போது நம் ஏரிக்கு வருகிற பறவைக்கு நாம் ஏன் கொண்டாடக் கூடாது என்று ஆரம்பித்ததுதான் இது. திருவிழாவுக்கு வேண்டிய எல்லாம் அவர்களிடம் இருந்தன. தோரணம் இருந்தது, பந்தல் இருந்தது, கோலப்போட்டி இருந்தது. வேட்டு கிடையாது, பாட்டு கிடையாது. தப்பு அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். தப்பை மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிள்ளைகள் ஆடியது தனி அழகு. கத்தக் கூடாது என்பதால் சிரிப்பை வாயில் அடக்கிக்கொண்டு ஆடினார்கள்.

எங்களுக்கு இடம் கொடுத்தது தனபாக்கியம் வீட்டில். என் வயதுதான் இருக்கும். வெங்காயப் பையைக் கையில் வாங்கியதுமே ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்தாள்.

"செட்டிகுளத்து வெங்காயமா? இத வச்சே இன்னைக்குக் கொழம்பு வக்கிறேன்க்கா."

வைத்தாள். ஏரிக் கெண்டை, எங்கள் வெங்காயம், அவர்கள் வயல் அரிசி. எங்கள் பக்கம் குழம்பு கொஞ்சம் கெட்டியாக, காரமாக இருக்கும். தண்ணீர் கஷ்டப்பட்ட ஊர்க்காரர்களின் கை அப்படி. இங்கே குழம்பு தாராளமாக ஓடியது. அதே வெங்காயம் இந்த ஊர்த் தண்ணீரில் வேறு மாதிரி இனித்தது.

அதே வீட்டில் தங்கியிருந்த இன்னொரு விருந்தாளி ஜெசிந்தா. அந்தக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர், மீன் ஏலத்தில் குரல் கொடுத்துப் பழகியவர். அவருக்குத்தான் மெதுவாகப் பேசுவது பெரும்பாடாக இருந்தது.

"ஏரி எப்படி இருக்கு?" என்று தனபாக்கியம் பெருமையாகக் கேட்டாள்.

"நல்லாருக்கு. எங்கூர்ல இதுக்குக் குட்டைன்னு பேரு."

"குட்டையா? ஒங்க கடல் தண்ணிய ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க பாப்போம்!"

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த வேன் கவிழ்ந்த நாளுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் விடியலில் எண்ணிக்கை. எண்ணப் போகிறவர்களுக்கு மணிக்கட்டில் பச்சை ரிப்பன் கட்டினார்கள். ஏரிப் பக்கம் ரிப்பன் இல்லாமல் யாரும் போகக் கூடாது. அருள்மொழியின் குழுவுக்கு மேலக்கரை. நெடுந்தூரக் கரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேல மரங்கள். நான் பறவைக் கோலப்போட்டிக்கு நடுவர். அவள் போகும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நானும் நல்ல பிள்ளையாகக் கையசைத்தேன்.

முதல் கோலத்தைப் பார்த்தேன். கூழைக்கடா. இரண்டாவது கோலத்தைப் பார்த்தேன். அதுவும் கூழைக்கடாதான், ஆனால் எனக்குப் பாதி கண்ணில் படவில்லை. மேலக்கரையில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று யாரையும் கேட்கவில்லையே என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்தால் போகாத நினைப்பு அது.

"ஜெசிந்தாக்கா, இதக் கொஞ்சம் பாத்துக்குங்க. வந்துடறேன்" என்றேன்.

காலியான வலைப் பையில் ஒரு டப்பா புளியஞ்சோறு, தண்ணீர் பாட்டில். அருள்மொழி சாப்பிடாமல் போனாளே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கரைக்குப் போனதும் சேறு. செருப்பைக் கழற்றி அதே பையில் போட்டேன். கருவேல மரங்களுக்குள் குனிந்து குனிந்து நடந்தேன். தூரத்தில் அவளுடைய மஞ்சள் துப்பட்டா தெரிந்தது. அவள் நின்றால் நின்றேன், அவள் நடந்தால் நடந்தேன். முள் கீறியது. பரவாயில்லை, துப்பட்டா தெரிந்துகொண்டிருந்தது.

யாரோ பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்தார்கள்.

நான்கு பெண்கள். கையில் மூங்கில் கழிகள். அக்கரை ஊரின் மகளிர் குழுப் பெண்கள் அவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சீசனில் கண்ணி வைக்க வெளியூர் ஆட்கள் வருவார்களாம். முறை போட்டுக் காவல் இருப்பது இவர்கள். முன்னால் நின்றவள் பவுனம்மாள். கோபத்தில் முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் பக்கத்திலேயே பறவைகள் இருந்ததால் அவள் என்னைத் திட்டியது முழுவதும் கிசுகிசுப்பில்.

"யாரும்மா நீ? காட்டுக்குள்ள என்னா வேல?"

நானும் கிசுகிசுத்தேன். "விருந்தாளிங்க. தனபாக்கியம் வூட்டுல தங்கியிருக்கேன்."

"ரிப்பன் எங்க?"

"இல்லைங்க."

"போன வருசம் ஒருத்தன் இப்படித்தான் விருந்தாளின்னான். பையில என்னாது?"

"செருப்பு."

"செருப்ப எவளாச்சும் வலையில போடுவாளா? ஏ மாரியாயி, பாருடி, செவப்பு வல!"

"வெங்காயப் பைங்க அது."

"வெங்காயம் எங்க?"

"குழம்பு வச்சு சாப்புட்டோம்."

மாரியாயி பைக்குள் கையை விட்டு டப்பாவைத் திறந்தாள். "அக்கா, புளியஞ்சோறு. சாயந்தரம் வரைக்கும் கெடக்கத் திட்டம் போட்டுத்தான் வந்திருக்கா."

ஒளிந்து நின்றது உண்மை. வலையும் உண்மை. பவுனம்மாள் கரைமேல் ஏறி, கழியின் நுனியில் கட்டியிருந்த சிவப்புச் சேலைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள். தூரத்தில் எண்ணிக்கொண்டிருந்த குழு நின்றது. டீச்சரும் அருள்மொழியும் வேகமாக நடந்து வந்தார்கள்.

"இது ஒங்க ஆளா பாருங்க."

டீச்சர் அருள்மொழியைப் பார்த்தார். அருள்மொழி என்னைப் பார்த்தாள். சேற்றுக் கால், கீறிய கை, தலையில் கருவேலங் காய்.

"எங்கம்மாதான்" என்றாள்.

நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பையை எடுத்தேன்.

"ஆனா தண்டன உண்டுன்னா குடுங்க. எங்கம்மாங்கறதுக்காகக் கொறைக்காதீங்க."

நான்கு பெண்களும் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். டீச்சர் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் ஆடியது. அருள்மொழி சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணினியேம்மா."

"ஆழமா இருக்குமோன்னு..."

"நான் எங்க திரும்பினாலும் நீ நிக்கிற. ஒன்னப் பாத்தா எனக்கும் ஏதோ நடக்கப் போவுதுன்னு தோணுது. வேன் கவுந்தப்பக்கூட எனக்கு இவ்ளோ பயமில்லம்மா."

அவள் நெற்றியில் தையல் போட்ட இடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்தத் தையலைப் பார்த்து அழுதேன். அதற்குப் பின்னால் இருக்கிறவளை, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே இல்லை; அது அப்போதுதான் உறைத்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். பிறகு குழுவோடு போய்விட்டாள்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணியோடு யார் பிடிபட்டாலும் அடிக்க மாட்டார்கள், அபராதம் வாங்க மாட்டார்கள். பிடிபட்டவர் மத்தியானம் வரைக்கும் காவல் உட்கார வேண்டும்.

"கலைக்க வந்தவங்க கையிலயே காவலக் குடுத்துடுவோம்" என்றாள் பவுனம்மாள். "ஒரு தரம் உக்காந்து பாத்துட்டா அடுத்த தரம் கண்ணி வக்கக் கை வராது. ஒருத்தன் இப்ப எங்களுக்கே ஆள் காட்டிக் குடுக்கறான்."

என்னைக் கீழ மதகில் உட்கார வைத்தார்கள். மேலக்கரைக்கு நேர் எதிர்ப்பக்கம், ஏரியின் அகலம் முழுவதும் குறுக்கே. பவுனம்மாள் சிவப்புத் துணி கட்டிய கழியை என் கையில் கொடுத்தாள். ஏரிக்குள் இருக்கிற எல்லோருக்கும் அதுதான் சைகை: தூக்கினால் நில், ஆட்டினால் திரும்பிப் போ. மதகை விட்டு நகரக் கூடாது.

முதலில் நான் மஞ்சள் துப்பட்டாவைத்தான் தேடினேன். அவ்வளவு தூரத்தில் மஞ்சளும் இல்லை, துப்பட்டாவும் இல்லை, எறும்பு வரிசை போல நாலைந்து புள்ளிகள். எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். பவுனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து என் புளியஞ்சோற்றைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பறிமுதல் செய்த பொருள் அவர்களுக்குத்தானாம்.

"புளி கம்மி" என்றாள்.

"எங்க பக்கம் அப்படித்தான்."

"ஒரே பொண்ணா?"

"ஆமாங்க."

"எனக்கு மூணு. மூணும் மூணு தெசையில இருக்கு. எந்தப் பக்கம்னு பின்னாடி போறது?" என்று சொல்லிவிட்டு ஏரியைக் காட்டினாள். "அத வுடுங்க. அங்க பாருங்க. நம்ம ஆளுங்க வந்திருக்காங்க."

பார்த்தேன். மதகுக்கும் மேலக்கரைக்கும் நடுவில் தண்ணீர் வற்றிய திட்டு, அதில் சாம்பல் நிறத்தில் ஒரு மந்தை. முதலில் ஆடுகள் என்று நினைத்தேன். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. வரித்தலை வாத்து. அருள்மொழி வீட்டில் படம் காட்டிச் சொல்லியிருக்கிறாள், இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது என்று. அப்போது நான் கேட்டுக்கொண்டே அவள் கைக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயலுக்கு எறங்காதா?" என்றேன். வெங்காயம் போடுகிற வீட்டுக்காரி வேறு எதைக் கேட்பாள்?

"எறங்கும். நெல்லும் திங்கும். வருசா வருசம் வர்ற எங்க நாத்தனார் திங்கறதவிடக் கம்மிதான்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த காவலைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தனியாக இருந்தேன். வெயில் முதுகில் இதமாக இருந்தது. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் இறக்கையை விரித்துச் சேலை காயப்போட்டது போல நின்றது. ஊசிவால் வாத்துகள் ஒரே சமயத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் காட்டின. பக்கத்தில் யாரும் இல்லாமலே சிரித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, புள்ளிகளைத் தேட மறந்திருந்தேன்.

நினைவு வந்து பார்த்தபோது அதில் ஒரு புள்ளி தனியாகப் பிரிந்து கரையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை நோக்கி. கொஞ்சம் கிட்டே வந்ததும் மஞ்சள் தெரிந்தது.

பழைய பயம் நெஞ்சில் வந்து ஒரு குத்துக் குத்தியது. எழுந்துவிட்டேன். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அந்தத் திட்டு இருந்தது. வாத்துகள் மேய்வதை நிறுத்தியிருந்தன. ஒன்று கழுத்தைத் தூக்கியது, பிறகு இன்னொன்று, பிறகு கூட்டம் முழுவதும். இன்னும் நாலு எட்டு அவள் வைத்தால் எல்லாம் கிளம்பிவிடும். இமயமலையைத் தாண்டி வந்த கூட்டத்தை என் மகள் கலைத்துவிடப் போகிறாள்!

கழியைத் தூக்கினேன். இரண்டு கையாலும், முடிந்த உயரத்துக்கு.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவப்புத் துணி காற்றில் ஆடிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கழுத்து தாழ்ந்தது. பிறகு இன்னொன்று. கூட்டம் மறுபடி மேய ஆரம்பித்தது. அவள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து கரையேறினாள். மேலே போய் நின்று, மதகுப் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் என்னைப் போலவே தலைக்கு மேலே தூக்கினாள். கழியைப் பிடித்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சிரித்தாளா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. சிரித்திருப்பாள்.

பிறகு திரும்பி, கரை வளைகிற இடத்தில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வாத்து இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது பவுனம்மாள் வந்தாள்.

"நேரமாயிடுச்சும்மா. ஒங்க தண்டன முடிஞ்சுது, கெளம்புங்க. பந்தல்ல சாப்பாடு போடறாங்க."

"நீங்க சாப்புட்டு வாங்க," என்றேன். "அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."